நடு ஸ்பீக்கரில் வர வேண்டிய குரல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் வீட்டு மாடியறையில் ஹோம் தியேட்டர் வைத்து ஆறு வருடம் ஆகிறது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் தரை அதிர ஒரு பெரிய பெட்டி. ஒவ்வொன்றையும் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்தவர் அவர். யாராவது படம் பார்க்க வந்தால், எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று விளக்கியே உயிரை வாங்கிவிடுவார்.

ஆனால் அங்கே டிஸ்கில் படம் மட்டும்தான் ஓடும். டிவி சேனல் என்ற பேச்சே கூடாது. காரணம், மகள்.

ஒரே பெண். பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் வருடத்தில் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளூர் டிவி நிலையத்தில் வானிலை சொல்லப் போனாள். "ஊரான் வீட்டு ஹால்ல எல்லாம் போய் நிக்கறதுக்கா உன்னை வளர்த்தேன்?" என்று அவர் கத்தினார். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே. "நிக்கறேன்ப்பா. இந்த வீட்டு ஹால்ல மட்டும் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு படியிறங்கினாள். அவள் முதன்முதலாகத் திரையில் வந்த அன்று அவர் கேபிள் வயரைக் கத்தரிக்கோலால் நறுக்கினார். அவள் பேரை எடுக்கக் கூடாது என்று மனைவியிடமும் சொல்லிவிட்டார். அது ஆகிவிட்டது நாலு வருடம்.

இரண்டு மாதம் முன்பு ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் சுவரில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார், மகள் நின்றாள், அவருடைய பாப்பா. மேகப் படத்தைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, குரல் இல்லை. மூக்கில் கண்ணாடி ஏறியிருந்தது. பிரேம் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை அவர் கண் உடனே பிடித்துவிட்டது. எவன் கடையில் போட்டாளோ. கையெல்லாம் பரபரத்தது. ஒரு திருகாணியை அரைச் சுற்று முடுக்கினால் தீர்ந்தது வேலை.

அந்தச் சேனல் கேபிள் இல்லாமலே ஆன்டெனாவில் கிடைக்கும் என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறமும் அவருக்கு மனசு வர இரண்டு மாதம் பிடித்தது. போனை எடுப்பார், வைப்பார். கடைசியில் ஒரு புதன்கிழமை ஆன்டெனா மாட்டுகிறவளைக் கூப்பிட்டார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டே வருவதால் தெருவில் எல்லாருக்கும் அவள் ஏணியம்மா.

மதியம் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் ஏறினாள். முதலில் வைத்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. மீட்டரில் சிக்னல் நாற்பதைத் தாண்டவில்லை. பின்பக்கச் சுவரில் குழாயை இறுக்கி, ஆன்டெனாவைக் குன்றின்மேல் தெரிந்த கோபுரத்துக்கு நேராகத் திருப்பியதும் மளமளவென்று எண்பத்தைந்துக்கு ஏறியது. வயரை ஜன்னல் ஓரமாக இறக்கி ட்யூனர் பெட்டியில் செருகினாள். பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு வயர்.

சேனல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இவர் விடுவாரா. "வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் வருது பாரும்மா."

"கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் சார் அது."

"எனக்குத் தெரியுது. பேச்சு நடு ஸ்பீக்கர்லதான் வரணும். உதட்டோட ஒட்டி வரணும்."

"யாரு சார் பேசப் போறாங்க, அவ்வளவு முக்கியமா?" என்று சிரித்தாள் ஏணியம்மா. அவர் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். அவளும் மேலே கேட்காமல், சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உதட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆறேகாலுக்கு மனைவியை மாடிக்குக் கூப்பிட்டார். அவள் திரையைப் பார்த்தாள், புது வயரைப் பார்த்தாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்..."

"எல்லாம் அப்புறம் சொல்லலாம். முதல்ல உக்காரு."

செய்தி முடிந்தது. வானிலை என்று எழுத்து வந்தது. அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். திரையில் ஒரு பெண் வந்து நின்று வணக்கம் சொன்னாள். குரல் கணீரென்று நடு ஸ்பீக்கரில் வந்தது.

வேறு யாரோ பெண்.

"இன்னிக்கு லீவா இருப்பா" என்றார் அவர்.

"லீவு இல்லைங்க" என்றாள் மனைவி. "போன மாசமே வேலையை விட்டுட்டா. கடல் தாண்டி வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. போயிட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். தினமும் ஆறு மணிக்கு நடக்கப் போகிறேன் என்று போனதெல்லாம் தெருக்கோடி வீட்டு அக்காவிடம்தான். நாலு வருடமும் அங்கே உட்கார்ந்துதான் மகளைப் பார்த்தாள். போன மாதம் நடையை நிறுத்தியதற்கு முழங்காலைச் சாக்குச் சொன்னது பொய்.

"கிளம்பற அன்னிக்கு நம்ம தெரு முனை வரைக்கும் வந்தா. 'அப்பா கூப்பிட்டா உள்ள வர்றேன்மா'ன்னா. நீங்க கடையில இருந்தீங்க."

"போன் பண்ணியிருக்கலாமே."

"பேரையே எடுக்கக் கூடாதுன்னு சொன்னவர்கிட்ட என்னன்னு பண்றது?"

மனைவி மேல் கோபப்படலாம் என்று பார்த்தார், கோபம் வரவில்லை. திரையில் அந்தப் பெண் நாளைய மழையைச் சொல்லி முடித்துச் சிரித்தாள். அவளை யார் பெற்றவர்களோ, எந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களோ.

அதற்குப் பிறகு மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசும்போது மனைவி ஒளித்துப் பேசுவதில்லை. சமையலறையிலேயே போன் ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்வாள். அவர் சமையலறை வாசற்படியில் நிற்பார். ஒரு தடவை அவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"பக்கத்துல அப்பாவாம்மா?"

"ஆமாடி. பேசறியா?"

அவர் போனை வாங்கக் கையை நீட்டினார்.

"இருமல் நிறைய இருக்கற மாதிரி இருக்கே. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லும்மா" என்றாள் மகள். "சரி, வெச்சிடறேன்."

நீட்டிய கையை அவர் எங்கே வைப்பதென்று தெரியாமல், அடுப்பு மேடையில் கிடந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.