தாசில்தாராக வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. கோவில்பட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், செய்யது அலி பருத்தி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு மேல்மாடியில், கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா சங்கிலிப்பாண்டி பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு பேர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஜன்னல் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். படிக்கட்டில் எதுவோ இழுபடும் சத்தம் கேட்டது.

“வெயிலுகந்தா வாரா போல,” என்றான் அவர்களில் ஒருவனான தங்கச்சாமி. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெயிலுகந்தம்மாளுக்கு இருபத்தாறு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளித் தள்ளித் தெருவில் போவாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. மாடிக்கு வர வேண்டுமானால் பலகையைக் கீழே விட்டுவிட்டு, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வயசுப் பெண்ணை ஆண்கள் தூக்க முடியாது, அவளும் விடமாட்டாள். வெற்றிலை எச்சில் துப்பிய படிகள். சேலையில் கறையோடுதான் மேலே வந்து சேருவாள்.

அது எண்பத்திரண்டாம் வருஷம். சங்கிலிப்பாண்டி நடத்திய நாடகக் குழுவுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. கூட்டத்தில் யாராவது ‘ரேஷன் கடை’ என்றோ ‘கல்யாண வீடு’ என்றோ ஓர் இடத்தைச் சொல்லுவார்கள். அந்த நிமிஷமே எழுந்து, மனதில் வந்தபடி நடிக்க வேண்டும். ஒரே ஒரு விதிதான்: எதிரே நிற்பவர் சொன்னதை மறுக்கக் கூடாது. ‘நீ என் தம்பி’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் தம்பிதான். யாரும் வரலாம், படிப்பு வேண்டியதில்லை என்று டீக்கடைச் சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண்களைக் கணக்கப்பிள்ளை மாதிரி பேசிக்காட்டிச் சிரிக்கவைப்பவள் வெயிலுகந்தம்மாள். அந்த எழுத்தை நம்பித்தான் வந்தாள்.

முதல் நாள் ‘ரேஷன் கடை’ என்றார்கள். சீனி நிறுக்கிறவளாகப் பேச நினைத்து அவள் நடுவில் நகர்ந்து வந்தாள். வாயைத் திறப்பதற்குள் தங்கச்சாமி அவள் உள்ளங்கையில் இல்லாத காசைப் போட்டு, “அங்கிட்டுப் போ தாயி, வழியில ஒக்காராத,” என்றான். மறுக்கக் கூடாது என்பது விதி. அவள் பிச்சைக்காரியானாள். அதிலும் அவள் சொன்ன பதில்களுக்கு எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு. அப்போதும் கையில் காசு விழுந்தது. கல்யாண வீட்டில் எச்சில் இலைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் எல்லாரும் போன பிறகு அவள் கேட்டாள். “அண்ணாச்சி, நான் என்னவா வந்தாலும் என்னப் பிச்சக்காரி ஆக்கிப்புடுதாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“இங்க யாரும் யாருக்கும் வேசம் குடுக்கதில்லையே தாயி. தானா வாரதுதான.”

“தானா வந்தா, எனக்கு மட்டும் ஏன் அதுவே வருது?”

சங்கிலிப்பாண்டி சிரித்து மழுப்பினார். அவர் கெட்டவர் அல்ல. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

செய்யது அலி கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து, அவள் படி இறங்குவதை வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தவர். “கீழ பாதிக் கிட்டங்கி சும்மாத்தான் கெடக்கு. மழையில்ல, பருத்தி எங்கன வரப்போவுது? இங்கனயே வச்சுக்கிடுங்களேன்,” என்று அவரே சொன்னார். குழுவில் பேசினார்கள். கீழே காற்று வராது, லாரிச் சத்தம், பருத்தித் தூசி என்றார்கள். “பாப்போம்,” என்று சங்கிலிப்பாண்டி முடித்துவைத்தார். யாரும் பார்க்கவில்லை.

ஆனி மாதம், வெயிலுகந்தம்மாளின் தெருவை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் ஊருக்கு முன்னால் நடிக்க ஏற்பாடாயிற்று. இருநூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கூட்டத்திலிருந்து வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி, “ஜமாபந்தி. தாசில்தாருகிட்ட மனு குடுக்க நாள்,” என்று குரல் கொடுத்தார்.

மற்றவர்கள் எழுவதற்குள் வெயிலுகந்தம்மாள் நடுவில் கிடந்த நாற்காலியை நோக்கி நகர்ந்தாள். கையை ஊன்றி எம்பி ஏறி உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னாள்: “அடுத்த ஆள் வாங்க. மனுவக் குடுங்க. எந்த ஊரு, எத்தன ஏக்கர் காஞ்சு போச்சு?”

கூட்டம் அடங்கியது. முன்வரிசையில் இருந்த சம்சாரி ஒருவர், நிஜமாகவே பதில் சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்தார்.

அப்போது தங்கச்சாமி தாசில்தாரின் டவாலிச் சேவகனாக உள்ளே வந்தான். “ஏட்டி, ஐயா நாற்காலியில ஒன்ன யாரு ஏறச் சொன்னா? எறங்கு.”

மைதானம் முழுவதும் சிரித்தது.

வெயிலுகந்தம்மாள் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தாள். மனு கொடுக்க வந்த விவசாயியாக அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். ‘இவியதான் தாசில்தாரு’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விதிப்படி தங்கச்சாமியும் கைகட்டி நின்றிருக்க வேண்டும். ஆனால் சிரிப்பு நன்றாக வந்துகொண்டிருந்தது. நாடகம் களைகட்டிவிட்டது என்ற சந்தோஷத்தில் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவள் இறங்கினாள். இறங்குவதற்கும் கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று ஒருவர் சொன்னதோடு பேச்சு முடிந்தது.

ஐப்பசியில் ஒரே ஒரு மழை பெய்தது. மேல்மாடி ஓடு ஒழுகிப் பாயெல்லாம் நனைந்துபோனது. செய்யது அலி கீழே இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். பாய், பெட்ரோமாக்ஸ், நாற்காலி எல்லாவற்றையும் இறக்கிவைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காற்று குறைவுதான், யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற சங்கிலிப்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கள் பாய் நனைந்ததும் அரை மணியில் செய்த காரியத்தை, அவள் படி ஏறி வந்த அத்தனை வாரமும் அவளுக்காகச் செய்யவில்லை.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கீழ வந்துட்டோம் தாயி. இனிமே படி கெடையாது. நீ வரணும். ஒன்னயே தாசில்தாரா வச்சு நடத்துவோம்.”

“எம் பேரு என்ன அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை.

“முன்னால தெருவுல எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாவ. இப்ப ‘ஏட்டி தாசில்தாரு, எறங்கு’ங்காவ. ஆபீசுக்குள்ள போனாலும் அதான், கொழாயடிக்குப் போனாலும் அதான். சின்னப் புள்ளையளுக்கு எம் பேரே தெரியாது.”

“தங்கச்சாமி தெரியாமச் சொல்லிப்புட்டான்.”

“அவுக மேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க பக்கத்துலதான நின்னிய.” அவள் குரல் உயரவில்லை. “படி ஏற எனக்குக் கை இருந்துச்சு அண்ணாச்சி. ஏறி வந்தவள நாற்காலியில வச்சுப் பாக்க ஒங்களுக்குத்தான் மனசு வரல. இப்பக் கீழ எறங்கி வந்துட்டோம்னு சொல்லுதிய. மனசு இன்னும் மாடியிலதான இருக்கு?”

அவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவள் சரி என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவும் இல்லை. தெருவில் விழுந்த அந்தப் பட்டப்பெயரும் அவளை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் சங்கிலிப்பாண்டி நடந்ததைச் சொன்னார். தங்கச்சாமி தலையைச் சொறிந்தான்.

“அது தமாசுக்குச் சொன்னதுதான அண்ணாச்சி. அவ வரலைன்னா என்ன, வேற யாராச்சும் வருவாவ.”

“வருவாவ,” என்றார் சங்கிலிப்பாண்டி. “அவியளயும் இப்பிடித்தான் அனுப்புவோம். வாங்கன்னு ஊரெல்லாம் எழுதிப் போடுதது லேசு தங்கச்சாமி. வந்தவியளும் நம்மள மாதிரி மனுசங்கதான்னு நெனச்சு எடம் விடணும். கூப்பிடுதவன் திருந்தாம வாசல மட்டும் தொறந்து வச்சா, அது ஆள வரவச்சு அவமானப்படுத்துததுதான்.”