பல்செட்டுக்குப் பதினோரு உபயம்

பீட்டர்சன் துரையின் பல்செட்டு ஒரு திங்கட்கிழமை காணாமல் போயிற்று. அன்று காலைப் பெரட்டில், ஆள்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் நேரத்தில், துரை வந்து நின்று ஏதோ கத்தினார். பல் இல்லாத வாயிலிருந்து காற்றும் எச்சிலும்தான் வந்தன. முந்நூறு பேரும் வழக்கம்போல "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டுப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போய்விட்டார்கள்.

ஆனைக்குட்டைத் தோட்டம் மலாயாவில், குளுவாங் ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே இருந்தது. துரையின் பங்களாவுக்குள் போய்வருகிறவர்கள் மூன்றே பேர்: சமைக்கிற சீனர், துணி துவைக்கிற மலாய் அம்மா, பூந்தோட்டம் பார்க்கிற வேலு. சமையற்காரரைப் பிடித்தால் துரைக்குச் சோறு இல்லை. துவைக்கிற அம்மாவைப் பிடித்தால் சட்டை இல்லை. பூ இல்லாமல் துரை இருந்துகொள்வார். ஆகவே திருடன் வேலு. இதைக் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர் பார்ட்லெட்டுக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

வேலுவைச் சுங்கை மெலாத்தி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அவன் ஒப்புக்கொண்டான்.

நான்காம் நாள் அவன் மனைவி சந்திரமதி சோற்றுத் தூக்கோடு போய்ப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னாலிருந்து அவன் கையை நீட்டினான். விரல்கள் பிசாங் மாஸ் வாழைப்பழச் சீப்பு மாதிரி வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவளே பிசைந்து ஊட்டினாள்.

"ஏன்யா ஒத்துக்கிட்ட?"

"மொத நாளு இல்லேன்னேன், அடிச்சாங்க. ரெண்டாம் நாளும் இல்லேன்னேன், அடிச்சாங்க. மூணாம் நாளு ஆமான்னேன், நிறுத்திட்டாங்க. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா, எங்க வெச்சேன்னு கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்? திரும்ப அடிச்சாங்க. ஆத்துல போட்டேன்னேன். தேத்தண்ணி குடுத்தாங்க."

"அப்புறம்?"

வேலு தலையைக் குனிந்துகொண்டான். "போன தொரை பல்லையும் நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"அவருக்குச் சொந்தப் பல்லாச்சேய்யா!"

"கேட்டாங்க, சொன்னேன். ஆட்டுக்குட்டியத் தின்னியான்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

அடுத்த மாதம் மாஜிஸ்திரேட் வருவார். இரண்டு வருஷம் ஜெயில் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஜெயில் முடிந்ததும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம். இந்தியாவில் வேலுவுக்கு ஒருவரும் இல்லை. சந்திரமதி இதே தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், ஆறாம் நம்பர் வீட்டில் பிறந்தவள். கப்பல் எந்தப் பக்கம் போகும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அங்கிருந்து நேரே கோர்ட்டுக்குப் போனாள். தமிழை இங்கிலீஷாகவும் இங்கிலீஷைத் தமிழாகவும் மாற்றித்தருகிற கந்தப்பு அங்கே இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக மற்றவர்கள் பேசியதை மட்டுமே பேசி வந்தவர். சொந்தமாகப் பேச ஒரு ஆள் கிடைத்ததும் சட்டத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"பிள்ளை, அடிச்சு வாங்கின வாக்குமூலம் செல்லாது. ஒருத்தரும் வெருட்டாமல், தானாய் வந்து சொன்னால்தான் செல்லும். அதுதான் சட்டம். வடிவான சட்டம்."

"அப்ப அடிச்சாங்கன்னு கோர்ட்ல நீங்க சொல்லுங்கய்யா."

"நான் சொல்லேலாது. நான் மொழிபெயர்க்கிறவன். வேலு சொல்லலாம். இன்ஸ்பெக்டர் இல்லையெண்டு சொல்லுவான். ஆரை நம்புவினம்?"

"கை வீங்கிக் கெடக்கே, கண்ணு தெரியாதா அவங்களுக்கு?"

"குளவி கொட்டினதெண்டு சொல்லுவினம். போன வருசம் ஒருத்தனுக்கு உள்ளங்காலிலை குளவி கொட்டினது."

சந்திரமதி கொஞ்சம் யோசித்தாள். "அந்த இன்ஸ்பெட்டரே அடிச்சேன்னு சொன்னா?"

கந்தப்பு சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. "அவன் ஏன் சொல்லுறான்? உனக்கென்ன விசரே?"

தோட்டத்துக்கு ஒன்பது மைல். நடக்க நடக்க அவளுக்குக் கோபம் குறையவில்லை. கோபம் குறையாதவர்களுக்கு நன்றாக யோசனை வரும்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் லயத்து ஜனம் கூடியிருந்தது. திருவிழாவுக்குப் பதினோரு நாள், நாளுக்கு ஒரு வீட்டு உபயம். எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அய்யாவு கங்காணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பிரம்பு. அவர் மகன் தலையைவிட அந்தப் பிரம்பு அதிக எண்ணெய் கண்டிருந்தது.

"வேலு எடுத்திருப்பான்" என்றார் கங்காணி. "இல்லேன்னா ஏன் ஒத்துக்கறான்? அடிக்காம எவன் உண்மை பேசுவான்? தேங்காய ஒடைச்சாத்தானே தண்ணி வரும்?"

"உள்ள இருந்தா வரும் கங்காணியாரே" என்றாள் சந்திரமதி. "தண்ணி வத்துன கொப்பரைய ஒடைச்சா? எங்கேடா தண்ணின்னு கேட்டு இன்னும் நாலு போடு போடுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். கங்காணி திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

சந்திரமதி விஷயத்தைச் சொன்னாள். பதினோரு வீடும், உபயம் மாதிரியே, நாளுக்கு ஒருவராக ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பல்லைத் திருடியது நான்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"அலமாக்!" என்றான் தங்கராஜு. "அடிப்பான்லா!"

"அடிக்க மாட்டான். இல்லேங்கறவனத்தான் அடிப்பான். ஆமாங்கறவனுக்குத் தேத்தண்ணி."

"எல்லாரயும் புடிச்சு உள்ள போட்டுட்டா?"

"பதினோரு பேர போட அங்க எடம் ஏது? வேலுவே காலை மடக்கிக்கிட்டுத்தான் படுத்திருக்கான்."

கங்காணி பிரம்பைத் தரையில் தட்டினார். "உன் பேர வெச்சுக்கிட்டு ஊரையே பொய் சொல்லச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

"பேரு எங்கப்பா வெச்சது. புருசன் நான் கட்டிக்கிட்டது. எனக்குப் புருசன்தான் வேணும்."

ஜனம் மெல்லக் கலையப் பார்த்தது. அப்போது தங்கராஜு, ஆறு வருஷமாகக் கங்காணியோடு முறைப்பில் இருப்பவன், வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான். "வேலு எனக்குப் பக்கத்து வீடு. மொத நாளு நான் போறேன்."

கங்காணி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "டேய்! மொத உபயம் எவன் வீட்டு உரிமை? இந்தக் கோயிலுக்குக் கல்லு நட்ட நாளுலேருந்து மொத நாளு எங்க வீட்டுது! நீ யாருடா குறுக்க வர?"

"அது சாமி உபயம். இது போலீஸ் உபயம்."

"எந்த உபயமா இருந்தா என்னாடா! மொத நாளு நான்தான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் கோயில் முன்னால், முந்நூறு பேர் நடுவில் சொன்ன சொல். சந்திரமதி அதற்குள் கும்பிட்டுவிட்டாள்.

மறுநாள் அய்யாவு கங்காணி கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, மாட்டு வண்டியில் போய் ஸ்டேஷனில் இறங்கினார். மேசைக்கு முன்னால் வந்து எது சொன்னாலும் டைரியில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. மலாய் எழுத்தர் எழுதினார். ஒரு கங்காணிக்கு இருக்க வேண்டிய அந்தஸ்தான பல் தனக்கு இல்லாததால் துரையின் பல்லை எடுத்ததாகக் கங்காணி வாக்குமூலம் கொடுத்தார். தேத்தண்ணி வந்தது. பால் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

இரண்டாம் நாள் தங்கராஜு. முறுக்கு கடிப்பதற்காக எடுத்தானாம். மூன்றாம் நாள் விதவை தனலெட்சுமி. பல்லை உரலில் இடித்துக் கோழிக்குப் போட்டாளாம், முட்டை ஓடு கெட்டியாக வரட்டும் என்று. நான்காம் நாள் போனவன் முனியாண்டிக்குப் படைத்தானாம். சாமி ஏற்றுக்கொண்டதா என்று எழுத்தர் ஆவலோடு கேட்டார். ஏற்கவில்லை, அளவு சரியில்லை என்றான்.

ஆறாம் நாள் இன்ஸ்பெக்டர் பார்ட்லெட் வாசலில் நின்று "பிகி! பிகி!" என்று மலாயில் கத்தி விரட்டினார். அன்றைய உபயக்காரர் காது மந்தம். சாவதானமாக உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எட்டாம் நாள் போனவள் மட்டும் திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டாள்: "தேத்தண்ணியே குடுக்கலக்கா. தூள் தீந்துபோச்சாம்லா."

பதினோரு பேரில் ஒருவர் மேலும் ஒரு அடி விழவில்லை.

வழக்கு நாளன்று லயமே கோர்ட்டில் இருந்தது. மாஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர், சாந்தமான மனிதர். வேலுவின் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் நீட்டினார்.

"தானாகக் கொடுத்ததா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"முழுக்க முழுக்கத் தானாக."

"அடிச்சாங்க எசமான்" என்றான் வேலு.

"குளவி" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாஜிஸ்திரேட் ஸ்டேஷன் டைரியை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். பிறகு திரும்ப முதலிலிருந்து. "மிஸ்டர் பார்ட்லெட், இந்தப் பல்செட்டை இதுவரை பன்னிரண்டு பேர் திருடியிருக்கிறார்கள். காணாமல் போனது எத்தனை செட்?"

"ஒன்றுதான். மற்ற பதினோரு பேரும் சொன்னது பொய்."

"எப்படித் தெரியும்?"

"அவர்களாகவே நடந்து வந்தார்கள்! யாரும் கேட்கவில்லை, மிரட்டவில்லை, ஒரு விரல்கூடப் படவில்லை! தொடாமலே சொன்னது எப்படி உண்மையாக இருக்கும்?"

"அப்படியானால் இந்த வேலு சொன்னது?"

"அதுதான் உண்மை" என்றார் இன்ஸ்பெக்டர். பதினோரு நாளாகச் சேர்ந்த எரிச்சல் அவரைத் தள்ளியது. "லேசில் வந்ததா அது? மூன்று நாள் ஆயிற்று! இரண்டு பிரம்பு உடைந்தது!"

கோர்ட்டுக் கூரையில் தொங்கிய துணி விசிறியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தவன் கயிற்றை விட்டுவிட்டான். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். லயத்து ஜனம் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கந்தப்பு எழுந்தார். அவரை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. வெண்கலத் தொண்டையில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மூண்டு நாள் அடிச்சவராம். ரெண்டு பிரம்பு முறிஞ்சதாம். இன்ஸ்பெக்டர் ஐயா தானாய்ச் சொல்லுறார். ஒருத்தரும் அவரை வெருட்டேல்லை."

வேலுவின் வாக்குமூலம் செல்லாது என்று மாஜிஸ்திரேட் எழுதினார். சந்திரமதி மூச்சு விட்டாள். அவர் பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை.

"ஆனால் இந்தப் பதினொன்றும் தானாகக் கொடுத்தவை. சட்டப்படி இவை செல்லும். அய்யாவு கங்காணி என்பது யார்?"

"அய்யய்யோ!" கந்தப்பு தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கங்காணியின் தலைப்பாகை சரிந்தது. "நான் உபயத்துக்குத்தான் சொன்னேன் எசமான்! சத்தியமா அந்தப் பல்ல நான் கண்ணால பாத்ததில்ல! என்னை அடிச்சாலும் இதான் உண்மை!"

"இருக்கலாம்" என்றார் மாஜிஸ்திரேட். "பல்லின் சொந்தக்காரர் என்ன சொல்கிறார்?"

பீட்டர்சன் துரை எழுந்தார். "இந்தக் கூலிகள் அத்தனை பேரும் பொய்யர்கள். வேலுதான் குற்றவாளி, எனக்குச் சந்தேகமே இல்லை." ஒவ்வொரு எழுத்தும் மணி அடித்த மாதிரி சுத்தமாக வந்து விழுந்தது.

மாஜிஸ்திரேட் முன்னால் சாய்ந்து அவர் வாயைப் பார்த்தார். "நன்றாகப் பேசுகிறீர்கள். புதுப் பல்லா?"

"இல்லை, பழையதுதான். என் குதிரைச் சவாரி பூட்ஸுக்குள் இருந்தது. கிடைத்து மூன்று வாரமாயிற்று."

"போலீஸில் ஏன் சொல்லவில்லை?"

துரைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "எதற்கு? அவன்தான் ஆற்றில் போட்டதாக ஒப்புக்கொண்டுவிட்டானே!"

திருட்டே நடக்காததால் பதினோரு பேரையும் விட்டுவிட்டார்கள். வேலு அன்றே வெளியே வந்தான். இன்ஸ்பெக்டர் பார்ட்லெட்டுக்குத் தண்டனை கிடைத்ததா என்றால், கிடைத்தது: பெரிய ஊருக்கு மாற்றல், கூடுதல் சம்பளம், புதுப் பிரம்பு. வேலுவின் வலது கையில் இரண்டு விரல் கடைசிவரை மடங்கவே இல்லை. பூந்தோட்ட வேலை போயிற்று. சந்திரமதி அவனுடைய பங்குக்கும் சேர்த்து மரம் வெட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து, நடுப்பகலில், பால் நிறுக்கும் கொட்டகையில் அய்யாவு கங்காணியின் வெள்ளி வெற்றிலைப் பெட்டியைக் காணவில்லை. கங்காணி சுற்றிலும் பார்த்தார். கண் தங்கராஜு மேல் நின்றது.

"எங்கடா வெச்சே?" பிரம்பு மேலே போயிற்று.

வேலு பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான். மடங்காத இரண்டு விரலோடு கையை உயர்த்தினான். "கங்காணியாரே, நான்தான் எடுத்தேன்."

"இல்லீங்க, நான்" என்றாள் தனலெட்சுமி. "இடிச்சுக் கோழிக்குப் போட்டுட்டேன்."

அவள் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். அவள் பின்னால் காது மந்தக்காரர், என்ன விஷயம் என்று தெரியாமலே. வரிசை கொட்டகையைத் தாண்டி வெயிலுக்குள் நீண்டது. கங்காணி வரிசையைப் பார்த்தார். தூக்கிய பிரம்பை என்ன செய்வதென்று தெரியாமல் கை மேலேயே நின்றது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றாள் சந்திரமதி. "மொத உபயம் கங்காணியார் வீட்டுது. அவரு மொதல்ல ஒத்துக்கட்டும்."

கங்காணியின் கை கீழே இறங்கியது. வழியில், யாரும் சொல்லாமலே, அது அவர் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தது.