உள்ளே இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை

மே மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் பஞ்சு பறக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் காட்டன்வுட் மரங்களிலிருந்து கிளம்பி, டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோவின் புது வீடுகளுக்கு மேலே ஒரு அவசரமும் இல்லாமல் மிதந்து வரும். ஒவ்வொரு கராஜ் வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நகரும். இந்த விஷயத்தில் எனக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் இல்லை என்பார் என் வீட்டுக்காரர். அவர் கிடக்கிறார்.

எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. கடைசியில் வட்டமாக விரிந்து நின்றுவிடும். எதிர் வீட்டு மரகதம் அந்த வட்டத்தைச் சுற்றி நடந்தபடிதான் ஆபீஸ் பேச்சுப் பேசுவாள். உட்கார்ந்தால் மூளை ஓடாதாம். ஒரு சுற்று வந்தால் எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும். அடுத்த வாக்கியத்துக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். ரோஜாவுக்கு நான் தண்ணீர் விடுவது இதனால்தான் நீண்டுபோகிறது. செடிகளும் அழுகிப்போகின்றன.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் முதல் சுற்றில் கிடைத்தது இது: "அவன் உள்ளயே விடமாட்டேங்கறான், பத்ரி."

இரண்டாவது சுற்றில், "ஒரு ஆள விடறான், அடுத்த ஆளப் பாத்து நீ யாருங்கறான். ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொல்றாங்க."

டாலஸ் பக்கம் ஏதாவது கிளப் வாசலில் நடந்த தகராறு என்று நினைத்தேன். கோபிச்செட்டிபாளையத்துப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். கேட்காமல் தெரிந்துகொள்வது என் வழக்கம்தான், ஆனால் அன்றைக்குப் பொறுக்கவில்லை.

விஷயம் ஆபீஸ் சர்வர். மளிகைச் சாமானை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கும் கம்பெனி அவளுடையது. ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்திருக்க ஒரு கேஷிங் சர்வர் உண்டாம். அஞ்சறைப்பெட்டி மாதிரி என்றாள். அது கைக்கு அகப்படாவிட்டால் ஒவ்வொரு கடுகுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும், கடையே நகராது. பெட்டிக்கு ஒரு பாஸ்வேர்ட்; போன வாரம்தான் அதை மாற்றினார்களாம். இப்போது அந்தப் பெட்டி சில மெஷின்களுக்குத் திறக்கிறது, சிலவற்றுக்குத் திறக்க மறுக்கிறது. பாஸ்வேர்ட் எல்லாவற்றிலும் ஒன்றுதான். திறக்காத மெஷின்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகின்றன.

மறுநாள் அவளுக்கு ஃப்ளைட். தம்பி இனியனுக்குக் கல்யாணம். அவர்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவன் உடன்பிறந்தவளையும் ஒரே சேலையால் இணைத்து சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் செய்து வைக்கும் சீர். அக்காள் இல்லாமல் அது நடக்காது. நடக்கும், பெரியப்பா மகள் ஒருத்தி நிற்பாள். அவள் இப்போதே ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள் என்று செய்தி. மரகதத்துக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மேனேஜரோ நல்ல மனிதர். உன் தம்பி கல்யாணத்தை நினைத்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது, ஆனால், என்றாராம். அமெரிக்காவில் அந்த 'ஆனால்' வந்துவிட்டால் முன்னால் சொன்னதெல்லாம் அலங்காரம். சர்வர் சரியாகாமல் லீவு கிடையாது.

அவள் புருஷன் திருமூர்த்தி கராஜில் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு துண்டை எடுப்பான், எடை பார்ப்பான், அதே துண்டைத் திரும்ப வைப்பான். மனைவி போவாளா என்று கேட்கத் தைரியம் இல்லாதவன் வேறு என்ன செய்வான்.

வெயில் தேன் மாதிரிக் கெட்டியாக இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் பஞ்சு விழுகிறதா ஏறுகிறதா என்று சொல்ல முடியவில்லை. மரகதம் சுற்றிக்கொண்டே இருந்தாள். காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தூக்கத்தில் நடக்கிறவளை எழுப்பக்கூடாது என்பார்கள். நான் மோர் கொடுத்து நிறுத்தினேன்.

நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டுமே. அவள் ஊருக்குப் போவதால், திரும்பி வர பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்கும் ஸ்டாம்பிங் ஞாபகம் வந்தது, ஸ்டாம்பிங் என்றால் எனக்குச் சந்தானம் ஞாபகம் வரும். மூன்றாவது வீட்டுச் சந்தானம் விசா பேப்பரில் ஏதோ ஒரு எழுத்துக் குளறுபடியோடு வருஷக்கணக்காக இங்கேயே நிம்மதியாக இருந்தார். வீடு வாங்கினார், நீச்சல் குளம் வெட்டினார். ஒரு தடவை சென்னைக்குப் போனார், அவ்வளவுதான். திரும்பி வர ஸ்டாம்பிங்குக்கு நின்றபோது பிடித்துக்கொண்டார்கள். மழைக்காலம் முழுக்க மாமியார் வீட்டில் கிடந்தார். அவரை எனக்கு அதற்கு முன் அவ்வளவாகப் பிடிக்காது, அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்வேன்.

"உள்ளயே இருந்திருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டா. வெளிய போயிட்டு வந்தா வாசல்ல கேப்பான் இல்லையா?" என்று முடித்தேன்.

மரகதம் டம்ளரைக் கையில் வைத்தபடி என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. என் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிதான்.

"ஆன்ட்டி, இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி சந்தானம் கதையை இன்னொரு முறை கேட்கிறாள். ஆனந்தமாக ஆரம்பித்தேன். அவள் காதில் விழவில்லை. பத்ரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காதில் மாட்டுகிற குமிழில் சார்ஜ் தீர்ந்ததால் ஸ்பீக்கரில். கடவுள் இருக்கிறார்.

பத்ரி எடிசன் என்ற ஊரில் ஓக் ட்ரீ ரோடு ஹோட்டல் ஒன்றில் இருந்தான். தட்டுச் சத்தம் கேட்டது. சர்வரைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"பத்ரி, விடற மெஷினெல்லாம் பழசுங்க. பாஸ்வேர்ட் மாத்தறதுக்கு முன்னயே உள்ள போயி ஒக்காந்துக்கிச்சு, அதுகள யாரும் திரும்பக் கேக்கல. ரீஸ்டார்ட் ஆயி வெளிய போயிட்டு வர்றத மட்டுந்தான் வாசல்ல கேக்கறான். அப்பிடின்னா நம்ம பாஸ்வேர்ட் எல்லாத்துலயுமே தப்பு."

பத்ரி கொஞ்ச நேரம் மென்றான். தப்பாக இருக்க வழியே இல்லை, நீங்கள் ஃபோனில் சொன்னதைத்தான் அப்படியே சர்வரில் போட்டேன் என்றான். பாஸ்வேர்டை எழுதி அனுப்பக்கூடாது என்று அவர்கள் ஆபீஸில் கண்டிப்பு. அதனால் இருவரும் ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள்: தமிழில் ஒரு சொல் வைத்துக்கொண்டு வாயால் சொல்லிக்கொள்வது. வெள்ளைக்காரன் ஒட்டுக்கேட்டாலும் புரியாதாம். நான் ஒருத்தி இருப்பதை இவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

"நான் சொன்னது பவளமல்லி," என்றாள் மரகதம்.

"நானும் அதான் போட்டேன், பவழமல்லி."

"அதேதான?"

"அதேதான்."

இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் காதில் ஒரு கல் இடறியது. ஆனால் கேட்காத மாதிரி நின்றுகொண்டு அதைச் சொல்வது எப்படி? இருமினேன். அவள் திரும்பினாள்.

"அந்தப் பிள்ளையாண்டானை எழுத்துக் கூட்டச் சொல்லேன்," என்றேன்.

பத்ரி சட்டினிக்கு நடுவில் கூட்டினான். பி, ஏ, வி, ஏ, இஸட், ஹெச்.

"இஸட்டா?"

"ழ-வுக்கு இஸட் ஹெச்தானே மரகதம்?"

"ழ எங்கிருந்துங்க வந்துச்சு?"

"பவழத்துல ழ இல்லாம?"

"எங்கூர்ல பவளத்துக்கு ள தானுங்க. நான் எல் போட்டிருக்கறன்."

அகராதியில் இரண்டும் சரி என்று தெரியும், சொல்லவில்லை. சண்டை வந்தால் கேட்கலாமே என்றுதான். வரவில்லை. பத்ரி மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். திருமூர்த்தி கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி வழியாக மெஷின்களில் எழுத்தை மாற்றினாள், ஒன்றை ரீஸ்டார்ட் செய்தாள், காத்திருந்தாள். பஞ்சு ஒன்று அவள் மடிக்கணினித் திரையில் இறங்கி ஒட்டிக்கொண்டது. அவள் தட்டிவிடவில்லை.

"விட்டுட்டான்," என்றாள்.

பிறகு மரியாதையாக என்னைப் பார்த்து, வேறு பாஸ்வேர்ட் வைக்கணுமுங்க என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பெட்டியைக் காரில் ஏற்றிய பிறகும் அவள் ஏறவில்லை. பேப்பரெல்லாம் சரிதானா என்று திருமூர்த்தியிடம் கேட்டாள். அவளுக்கும் ஸ்டாம்பிங் உண்டு. நான் சந்தானம் கதையை இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். பிறகு, "உள்ளயே இருந்தா யாரும் கேக்கப் போறதில்ல மரகதம்," என்றான். "ஆனா இனியனும் கேக்காம விட்டுருவான்."

அவள் ஏறிக்கொண்டாள்.

கல்யாணத்தைத் திருமூர்த்தியோடு அவர்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். இங்கே சாயங்காலம், அங்கே விடிகாலை. படம் நீருக்கு அடியில் இருப்பது போல அசைந்தது. மரகதம் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள், சேலை இருவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. இரண்டு வரிசை தள்ளிப் புது ரவிக்கையோடு பெரியப்பா மகள் உட்கார்ந்திருந்தாள்; தையல் நன்றாக இல்லை. மரகதத்தின் ஸ்டாம்பிங் இன்டர்வியூ அடுத்த வாரம். அருமைக்காரர் ஏதோ கேட்டார், ஒலி வரவில்லை. மரகதம் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னாள். ஒரே தடவைதான் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த சீருக்குப் போனார்.