கொழுப்பு எட்டு சதவீதம்

மிளகு படுத்துவிட்டாள்.

இடிந்து கிடந்த கட்டடத்தின் வடக்கு மூலையில், வளைந்த கம்பிகளுக்கு நடுவே, வயிறு சிமென்ட் தூளில் பட. அவளைப் பழக்கியவன் சட்டென்று கையைத் தூக்கினான்.

"இங்கே ஆள் இருக்கு!"

மீட்புப் படையில் அதுதான் வழக்கம். நாய் குரைத்தால் உள்ளே முனகுகிறவனின் குரல் அமுங்கிப்போகும். அதனால் உயிருள்ள மனித வாடை வரும் இடத்தில் நாய் சத்தமில்லாமல் படுக்க வேண்டும். மிளகு படுத்த இடத்தைத் தோண்டி இதுவரை யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

உள்ளே சிக்கியிருந்தது ஒரே ஒருவன். நாயைப் பழக்கியவனின் மச்சான். மனைவியின் தம்பி. மூன்றாம் மாடியில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவன்.

கயிற்றுக்கு அப்பால் நின்ற மனைவி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். "என் தம்பிதான்! என்னங்க, சீக்கிரம்!"

தளபதி விசிலடித்தார். மொத்தப் படையும் வடக்கு மூலைக்கு ஓடியது.

அவன் மிளகைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தான். அங்கே பக்கத்து மாவட்டப் படைக்காரி தன் நாயை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தாள். மிளகைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்னண்ணே இது, விலா எலும்பை எண்ணிடலாம் போல?"

"ஜிம் பாடி. புதுத் தீனி. நல்லா இறுகிட்டா."

"இறுகலண்ணே, உருகியிருக்கா. தொடை எப்படி நடுங்குது பாருங்க. என்ன போடுறீங்க?"

அவன் வண்டியில் கிடந்த மூட்டையைக் காட்டினான். முன்பக்கத்தில் பாய்கிற நாயின் படம். 'புரதம் 34%' என்று கொட்டை எழுத்து. கடையில் இரண்டு மூட்டைகளை அருகருகே வைத்து எது பெரிய எண் என்று பார்த்துத்தான் எடுத்தான்.

அவள் மூட்டையைப் புரட்டிப் போட்டாள்.

"முதல்ல பட்டாணி, அடுத்து சோளம். கறி நாலாவது இடத்துல நிக்குது. எது அதிகமோ அதைத்தானே முதல்ல போடுவாங்க? கொழுப்பு... எட்டா?"

"கொழுப்பு குறைஞ்சா நல்லதுதானே?"

"உங்க தொப்பைக்கு நல்லது. நாள் முழுக்க ஓடுற நாய்க்கு கொழுப்புதான் டீசல், அண்ணே. இருபது சதவீதமாவது வேணும். இதையும் படிங்க." மடிப்போரத்துப் பொடி எழுத்தில் அவள் விரல் நின்றது. 'எடை கூடிய, நடமாட்டம் குறைந்த நாய்களுக்கு.'

மிளகு அவன் மடியில் தலையைப் போட்டாள்.

தலை.

ஆளைக் கண்டு படுக்கும் மிளகு தலையை நிமிர்த்தி அவனையே பார்ப்பாள். இன்று தலையையும் தரையில் சாய்த்திருந்தாள். அவன் அதை அப்போதே பார்த்தான். பார்த்தும், மச்சான் அங்கேதான் இருக்கிறான் என்று நம்ப ஆசைப்பட்டுக் கையைத் தூக்கினான்.

"நிறுத்துங்க!" என்று ஓடினான். "சார், அங்கே ஆள் இல்ல! நாய் மயங்கி விழுந்திருக்கு!"

தளபதி திரும்பினார். இடுப்பளவு குழி தோண்டியாகிவிட்டது. "யோவ், விளையாடுறியா? நீதானேய்யா கை தூக்கினே?"

"நான்தான் சார். தப்பாத் தூக்கிட்டேன். இவங்க நாயை இறக்கித் தேட விடுங்க."

படைக்காரியின் நாய் இறங்கியது. வடக்கு மூலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகத் தெற்கே ஏறி, உடைந்த மாடிப்படிக்குக் கீழே சுற்றிச் சுற்றி வந்தது. படுக்கவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது.

படைக்காரி அவன் பக்கம் திரும்பவில்லை. உயிர் போன உடல் கிடக்கும் இடத்தில் நாய்கள் அப்படித்தான் நிற்கும்.

கான்கிரீட் பலகையை நகர்த்தினார்கள். மச்சானின் கையில் டைல்ஸ் பசை காயாமல் இருந்தது. மருத்துவர் அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்புச் சூடு இன்னும் ஆறல. இப்பத்தான் உயிர் போயிருக்கு" என்றார்.

மனைவி கயிற்றைத் தாண்டி வந்தாள். அழவில்லை. "மிளகு காட்டின இடத்துலதானே தோண்டினாங்க? தம்பி எப்படிங்க இங்க வந்தான்?"

நாய் தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். படையில் எல்லோரும் நம்புவார்கள். இவளும் நம்புவாள்.

"மிளகு எதையும் காட்டலம்மா" என்றான். "நான் போட்ட தீனியில சத்தில்லாம மயங்கி விழுந்தா. நான்தான் கை தூக்கினேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரல்களில் இருந்த பசையைத் தன் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். உதவ நீண்ட கணவனின் கையைத் தட்டிவிட்டாள்.