இரண்டாவது எண்

2024ஆம் ஆண்டு அக்டோபர் இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். இரவு முழுவதும் பெய்த மழை விட்டிருந்தது. மேற்கே மலை இருந்த இடத்தில் மேகம் மட்டுமே தெரிந்தது. செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையம் வந்து இறங்கிய ஜெயசித்ராவும் அவள் கணவன் மாரிச்சாமியும் ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் ஏறி, நனையாத இருக்கையாகத் தேடி உட்கார்ந்தனர்.

ஜெயசித்ராவுக்குப் பதினாறு வயதிலிருந்து சர்க்கரை நோய். நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். பெண் பார்க்க வந்த அன்றே அவள் அப்பா அதைச் சொல்லிவிட்டார். மாரிச்சாமியின் வீட்டாரும் காபியைக் குடித்துவிட்டுச் சரி என்றனர். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை பெற்றுக்கொள்ளத் தடை ஏதுமில்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே கருத்தரிக்க வேண்டும் என்று டாக்டர் பிரிஸ்கில்லா ஜூன் மாதம் சொல்லியிருந்தார். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில்; அதற்குள் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரிந்திருக்காது. ஆகவே, தாம் கைப்பட எழுதிக் கொடுக்கும்வரை கருத்தடை மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்தக் கடிதத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

புறப்படும்போது மாமியார் சுடலையம்மாள் வாசல்வரை வந்தாள்.

“இன்னைக்காவது அவிய எழுதிக் குடுப்பாவளான்னு கேளுட்டி. இல்லன்னா நான் வந்து கேக்கேன். என்னைய விட வயசுல சின்னவதான அவ.”

ஒரே மூச்சில் மரியாதை ஏறி இறங்கியதை ஜெயசித்ரா கவனித்தாள், சிரிக்கவில்லை.

அவள் மடியிலிருந்த பையில் சர்க்கரை அளக்கும் மீட்டரும் ஒரு நோட்டும் இருந்தன. நோட்டில் நான்கு மாதத்து எண்கள், நாளுக்கு ஐந்து வீதம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்களுக்குள், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. மூன்று மாதச் சராசரிக்கான ரத்தப் பரிசோதனையை முந்தின வாரமே செய்தாயிற்று. அதன் முடிவு நேரே டாக்டருக்குப் போயிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரிஸ்கில்லா நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு பரிசோதனை முடிவை எடுத்து அதன் அருகில் வைத்தார். நோட்டின்படி மூன்று மாதச் சராசரி ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். ரத்தமோ எட்டு புள்ளி இரண்டு என்றது. அவர் கேட்டிருந்தது ஆறரைக்குள்.

“நோட்டு ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. இது எல்லாம் மீட்டர்ல வந்த நம்பர்தானம்மா?”

“ஆமா டாக்டர்.”

அது உண்மையே. மீட்டரில் வராத எண் ஒன்றுகூட அதில் இல்லை.

டாக்டர் யோசித்தார். ஜெயசித்ராவுக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு என்று விளக்கினார். பதினெட்டு ஆண்டுகளில் இவ்வளவு ஒழுங்கான நோட்டைத் தாம் கண்டதில்லை என்றும், இதை நம்பாவிட்டால் வேறு எதை நம்புவது என்றும் சொல்லி, கடிதத்தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். மாரிச்சாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

ஜெயசித்ராவின் கண்கள் நோட்டின் மேல் இருந்தன. அவள் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ஆறாண்டுகளாக வேலை பார்க்கிறாள். நூல் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண்ணை அளந்து பதிவேட்டில் ஏற்றுவது அவள் பணி. எண் வரம்பைத் தாண்டினால் அங்கே யாரும் பதறுவதில்லை. எடுத்த நூலில் கோளாறு இருக்கலாம் என்று, நூல் சுற்றிய மற்றொரு கோனிலிருந்து எடுத்து மறுபடியும் அளப்பார்கள்; இரண்டாவது எண் சரியாக இருந்தால் அதுவே பதிவாகும். முதல் எண்ணுக்கென்று பதிவேட்டில் கட்டமே கிடையாது.

சர்க்கரையை அளக்கும்போதும் அவள் கை அதையே செய்திருக்கிறது. மீட்டர் இருநூற்று நாற்பது காட்டினால், விரலில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கழுவிவிட்டுக் குத்துவாள். அப்போதும் குறையாவிட்டால் கூடுதலாக இன்சுலின் போட்டு, செத்த நேரம் கழித்து மீண்டும் அளந்து, இறங்கிய எண்ணைக் கட்டத்தில் எழுதுவாள். பொய் எழுதுகிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகே தோன்றியது.

ரத்தசோகை என்று டாக்டரே காரணம் சொல்லியாயிற்று. வாய் திறக்காமல் இருந்தால் போதும். இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடலாம்.

டாக்டர் கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார். வாங்குவதற்காக மாரிச்சாமி எழுந்தேவிட்டான்.

“அதுல எழுதியிருக்கறது ரெண்டாவது நம்பர், டாக்டர்,” என்றாள் ஜெயசித்ரா.

நீட்டிய தாள் அப்படியே நின்றது. அவள் ஆலையின் வழக்கத்தையும் தன் வழக்கத்தையும் வரிசை குலையாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் மீட்டரை எடுத்து, அதன் நினைவில் பதிந்திருந்தவற்றை வரவழைத்து மேசைமேல் வைத்தாள். முதல் எண்கள் அனைத்தும் அங்கே இருந்தன.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா,” என்றான் மாரிச்சாமி.

“எனக்கே இப்பத்தாங்க தெரியுது.”

டாக்டர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மில்லுல இப்படித்தான் நூல் விக்கீங்களா?”

“நூலுக்கு அது தப்பில்ல டாக்டர். கெட்ட கோனை எடுத்து ஒதுக்கிருவோம்.”

டாக்டர் கையெழுத்திட்ட தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அடுத்த அரைமணி நேரம் கணக்கெடுப்பில் போயிற்று. ஜெயசித்ரா மீட்டரிலிருந்து தேதியும் நேரமும் எண்ணும் வாசிக்க, மாரிச்சாமி டாக்டர் கொடுத்த சிவப்புப் பேனாவால் கட்டங்களின் ஓரத்தில் எழுதினான். விசைத்தறி மெக்கானிக்கான அவன் கையெழுத்து கட்டத்துக்கு அடங்கவில்லை; ஒழுங்கான அந்த நோட்டு நான்கே பக்கங்களில் அலங்கோலமாயிற்று. ஆனால் அலங்கோலத்தில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. அந்த நான்கு பக்கங்களில் வரம்பு மீறிய பதினான்கு எண்களில் பதினொன்று, காலை பதினோரு மணியை ஒட்டி இருந்தன.

“பதினோரு மணிக்கு முன்னாடி என்ன சாப்பிடுதே?” என்று டாக்டர் கேட்டார்.

“பத்து மணிக்கு மில்லு கேன்டீன்ல டீயும் பன்னும் வரும்.”

“எம்புட்டு பன்னு?”

ஜெயசித்ரா மீட்டரைப் பையில் வைக்கத் தொடங்கினாள். மாரிச்சாமி அவளுக்காகச் சொன்னான்: “கூட வேலை பாக்குறவ ஒருத்தி பன்னு திங்க மாட்டா டாக்டர். அதையும் இவதான் வாங்கிக்கிடுவா.”

டாக்டர் சிரித்தார், அன்று அந்த அறையில் எழுந்த முதல் சிரிப்பு அதுதான். ஒளிந்திருந்த எண்ணுக்கு மருந்து சொல்ல முடியாது, கண்ணில் பட்ட எண்ணுக்குச் சொல்லலாம் என்றார். காலை இன்சுலினின் அளவை மாற்றினார். பன்னை நிறுத்தி அதற்குப் பதில் சுண்டல் கொண்டுபோகச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்தார். மூன்று மாதத்தில் ஆறரைக்குள் வருவது நடக்கக்கூடியதே என்றார். வந்துவிடும் என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை ஜெயசித்ரா குறித்துக்கொண்டாள்.

மாரிச்சாமி சிவப்புப் பேனாவை மூடினான். “அம்மாட்ட என்ன சொல்ல?”

“ஜனவரின்னு சொல்லுங்க. என்னாலதான்னும் சொல்லுங்க.”

“ஜனவரின்னு மட்டும் சொல்லுதேன்,” என்றான் அவன். “மிச்சத்தை அவகிட்ட சொன்னா, நாளைக்கே மில்லு வாசல்ல வந்து நிப்பா.”

டாக்டர் பிரிஸ்கில்லா புதுத்தாளில் நான்கு வரி எழுதினார்: கருத்தடை மாத்திரையும் ஜூன் மாதம் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையும் தொடர வேண்டும். இப்போது கருத்தரிக்க வேண்டாம். முதல் எண்ணை மட்டுமே எழுத வேண்டும். ஜனவரி இருபத்தொன்றாம் தேதி மறுபரிசோதனை. எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டு, மாரிச்சாமியின் பக்கம் திருப்பாமல் நேரே ஜெயசித்ராவின் கையில் கொடுத்தார்.