மச்சான் ஊதிய மூச்சு

கடலூரில் ஒரு சாயக் கம்பெனியில் கொளஞ்சியப்பன் பொடி மூட்டை பிடிக்கும் ஒப்பந்த ஆள். வருஷக்கணக்கில் அந்தப் பொடியை நெஞ்சுக்குள் இழுத்ததில், பாதி மாடிப்படியிலேயே மூச்சு நின்று நின்று வந்தது. ஆண்டுக்கொருமுறை வெளியூர் டாக்டர் வந்து குழாயில் ஊதச் சொல்வார். ஊத முடியாதவனுக்கு வைத்தியம் கிடையாது. மறுநாள் கேட்டிலேயே கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் சிதம்பரத்தில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கும் மச்சினன் செந்தமிழ்செல்வனை வரவழைத்தான். கார்டில் இருந்த படம் சாயமேறி, யார் முகமென்றே தெரியாது. மாமனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஊதிவிட்டு வந்தான் செல்வன்.

"சாவு ஊர்வலத்துக்கே சுடுகாடு வரைக்கும் ஊதுறவன் மாமா நான். இதெல்லாம் ஒரு குழாயா?"

மறுநாள் மேஸ்திரி ராமாமிர்தம் எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

"ஏன்டா கொளஞ்சி, கம்பெனியிலேயே ஒனக்குத்தான் மூச்சு ஜாஸ்தியாமே. இனிமே டேங்க்ல எறங்கிக் கழுவுற வேலை ஒனக்குத்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முடியாது என்றால் திருட்டு வெளியாகும். கொளஞ்சியப்பன் இறங்கினான். அந்த வாரமே டேங்கில் மயங்கி விழுந்தவனைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். அதன்பின் அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான்.

மனைவி சௌந்தரம் கேட்டில் போய் அழுதாள்.

"நெஞ்சு நல்லாருக்குன்னு டாக்டரே எழுதிட்டாரு. கம்பெனி என்னம்மா பண்ணும்?" என்ற ராமாமிர்தம் குரலைத் தாழ்த்தினார். "ஊதுனது யாருன்னு எனக்குத் தெரியும். அவன அனுப்பு. கார்டு உசுரோடதான இருக்கு."

ஆடி மாசம், கல்யாணம் கிடையாது, பேண்டு செட்டுக்கு வேலை குறைவு. அக்கா வீட்டு உலைக்காகச் செல்வன் மாமனின் கார்டோடு கிளம்பினான். வேண்டாம் மச்சான் என்று சொல்லும் அளவுக்குக் கொளஞ்சியப்பனுக்கு மூச்சு இருந்தது. சொல்லவில்லை.

தையில் முகூர்த்தங்கள் வந்தபோது, செல்வனால் பாட்டில் ஓர் அடியைக்கூட முழுசாக ஊத முடியவில்லை. டிரம்பெட் ஆணியில் தொங்கியது.

அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரவு சோறு போட்டுக்கொண்டே சௌந்தரம் தம்பியைக் கேட்டாள்.

"ஒங்க செட்டுல கிளாரினெட் ஊதுவானே, அந்த லூர்துசாமி, அவனுக்கு மூச்சு எப்படிடா?"

செல்வன் இருமிக்கொண்டிருந்தான். சுவரில் சாய்ந்திருந்த கொளஞ்சியப்பன்தான் பதில் சொன்னான்.

"நல்ல மூச்சு. ஞாயித்துக்கிழம கறி எடுத்து, சாப்புட கூப்புடு."