நம்ம வீட்டுத் தக்காளி

மாடியில் செடி வைக்கக் கூடாது என்று ஜெயஸ்ரீயிடம் சொன்னவர் தவசிமுத்துதான். திருவொற்றியூரில் அவர் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தாள் அவள். கணவன் மணி விசைப்படகுக்குப் போகிறவன். அவள் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவள். தை மாதத்தில், உடைந்த தெர்மாகோல் மீன்பெட்டிகளில் மண் நிரப்பி, கனிந்த தக்காளியைப் பிழிந்து விதைத்து மொட்டைமாடியில் வைத்திருந்தாள். தளம் ஒழுகும், கவிச்சி அடிக்கும் என்று அவர் இறக்கச் சொல்லிவிட்டார். அவளும் மறுபேச்சு பேசாமல், வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் கொண்டுபோய் வைத்தாள். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வெயில் எட்டிப் பார்க்கிற சந்து.

அதற்கப்புறம்தான் அவருக்கே அந்த ஆசை வந்தது. தண்டையார்பேட்டை மளிகைக் கடையை மகன் பார்த்துக்கொண்டான். மனைவி, மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தாள். பொழுது நகரவில்லை. தக்காளி விதை வாங்கி, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தட்டில் தூவினார். முளைத்ததும், செடிக்கு வெயில்தானே சோறு என்று தட்டைத் தளத்தின் நடுவில் வைத்தார். மத்தியானத்துக்குள் அத்தனை நாற்றும் துவண்டு நூலாகக் கிடந்தது. மறுபடி விதைத்தார். பச்சை வலை கட்டி, காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்தார். இந்த முறை செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. பூவும் வைத்தன. சித்திரை வெயிலில் அந்தப் பூக்கள் காம்போடு கருகி விழுந்தன. ஒன்றுகூடப் பிஞ்சு பிடிக்கவில்லை.

கீழே சந்தில் ஜெயஸ்ரீயின் செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தன.

ஒருநாள் விடிகாலையில், அவள் காசிமேட்டுக்குப் போயிருந்த நேரம், தவசிமுத்து அந்தச் சந்துக்குள் போனார். தெர்மாகோல் விளிம்பு தெரியாதபடி ஒரு கொத்தைப் படமெடுத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘நம்ம வீட்டுத் தக்காளி’ என்று எழுதினார். தன் வீட்டில் காய்த்ததுதானே, இதில் என்ன பொய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாராட்டு வந்து குவிந்தது. எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு, நிழலில் வைக்க வேண்டும், பூத்ததும் செடியை லேசாக உலுக்கிவிட வேண்டும் என்றெல்லாம் குரல் பதிவு அனுப்பினார். உலுக்குவதை அவர் மாடியிலிருந்து பார்த்திருந்தார். உலுக்கியது ஜெயஸ்ரீயின் சின்னப் பெண்.

ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டியிலிருந்து அக்கா ராமசெல்வி வந்தாள். வந்தவள் காப்பிகூடக் குடிக்காமல் செடியைக் காட்டு என்றாள். மாடி கொதிக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அவர் இழுத்தார். அவள் தானே ஏறிப் பார்த்துவிட்டு, காயே இல்லையே என்று இறங்கி வந்தாள். வாசலில் செருப்பை மாட்டியபோது சந்து கண்ணில் பட்டது.

“இங்கனதான் வச்சிருக்கியா தம்பி?”

ஜெயஸ்ரீ அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து தவசிமுத்துவைப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“ஆமாக்கா,” என்றாள் ஜெயஸ்ரீ. “அண்ணாச்சி வெச்சதுதான். நான் தண்ணி மட்டும் ஊத்துவேன்.”

ராமசெல்வி பழுத்ததையெல்லாம் பறித்துப் பையில் போட்டாள். போகிற போக்கில் ஜெயஸ்ரீயிடம், “பிள்ளைகளப் பறிக்க விட்டுராதம்மா. தம்பி பாடுபட்டு வளத்தது,” என்றாள். கதவோரம் நின்றிருந்த சின்னப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. சரிக்கா என்று மட்டும் சொன்னாள் ஜெயஸ்ரீ.

அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிய தவசிமுத்து சந்து முனையிலேயே நின்றார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

“உங்க பையன் ஸ்டேட்டஸ்ல அந்தப் போட்டோவ அன்னிக்கே பாத்தேன் அண்ணாச்சி,” என்றாள் அவள். “ஊர்லருந்து வந்தவங்க எதிர்ல உங்கள இன்னான்னு சொல்றது?”

பெட்டிகளையெல்லாம் மாடிக்குக் கொண்டு போ, நானே தூக்கித் தருகிறேன் என்றார்.

“வோணாம். இங்கியே நல்லா கீது.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. மேலே போய்க் குழுவில் எழுதினார்: ‘அந்தச் செடி நான் வளர்த்ததல்ல. குடியிருக்கும் ஜெயஸ்ரீ வளர்த்தது. நான் பொய் சொல்லிவிட்டேன்.’

பதிலுக்குக் கும்பிடும் கை இமோஜிகள் வரிசையாக வந்தன. அக்காவின் குரல் பதிவும் வந்தது. “அந்தப் பிள்ளையே நீ வச்சதுன்னு சொல்லிச்சே. வந்த பேரக்கூட அடுத்தவளுக்குக் குடுக்கியே தம்பி. அப்பா குணம் அப்படியே இருக்கு ஒனக்கு.”

அதை முழுவதும் கேட்க அவரால் முடியவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கச் சொன்னதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

“அந்தப் பிள்ளைட்டயா நான் அப்படிச் சொன்னேன்?” என்றாள் அக்கா. உடனே போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கல்யாண வீட்டிலிருந்து ராமசெல்வி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாடிப்பக்கம் திரும்பாமல் நேரே கீழ்ப்போர்ஷன் கதவைத் தட்டினாள். ரெண்டு பெண்களும் தணிந்த குரலில் பேசுவது மேலே கேட்டது. சின்னப் பெண்ணை அக்கா ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை நாளும் அந்தப் பேர்கூடத் தனக்குத் தெரியாது என்பது தவசிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு படி வரைக்கும் வந்தார். இறங்கக் கால் வரவில்லை.